பவளப் பாறைகளைக் காத்ததன் பலன்: அளந்து கண்டது என்ன?

புதிய விதையையோ உரத்தையோ சிபாரிசு செய்யும்போது நம் ஜில்லாக் குடியானவர் முதலில் கேட்பது, "அது போடாத வயல் எப்படி விளைந்தது?" என்பதே. நியாயமான கேள்வி. நிரூபண வயலுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தைப் பழைய முறைப்படியே விட்டுவைப்பது இதன் பொருட்டுத்தான். காட்டையும் கடலையும் காப்பதற்காகச் சர்க்கார் இடும் தடைகளைக் குறித்தும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும். தடையினால் பலன் உண்டாயிற்றா, அன்றித் தடையில்லாமலேயே அவ்வாறு ஆகியிருக்குமா? நமது கரைக்கு எதிரிலுள்ள தீவுகளைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள் வளர்ந்துள்ளன. மீனவர் இவற்றைப் பார் என்பர். பார்வைக்குக் கல்லாயினும், மிகச் சிறிய கடற்பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து தம் உடலினின்று கசியும் சுண்ணாம்பால் கட்டிய கூடே பவளம். கடலைப்பற்றி விவசாயப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் எண்ணலாம். அலையின் வேகம் இப்பாறைகளின்மேல் உடைந்து தணிகிறது. பாறை தேய்ந்தால் அலை தீவை அரிக்கும். தீவு போய்விட்டால் கரையிலுள்ள பனையும் தென்னையும் நன்னீர்க் கிணறுகளும் அலைக்கு நேரே நிற்க வேண்டியதுதான்.

பல வருஷங்களாக இப்பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொண்டு சென்றனர். கீழக்கரைப் பகுதியிலிருந்த பூவரசன்பட்டித் தீவும், தூத்துக்குடிப் பகுதியிலிருந்த விலங்குசல்லித் தீவும் கடலுள் மூழ்கிவிட்டன. 1986-ல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் வெட்டுதல் நிற்கவில்லை. காகிதத்திலுள்ள தடை கடலில் செல்லாது. 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு ஒக்க, சேர்க்கப்பட்டது. காவலும் பலப்பட்டது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் கரையோர ஜனங்களுக்கும் பாறையின் அருமை விளங்கிற்று. 2005-க்குப் பின் வெட்டுதல் அநேகமாக ஒழிந்தது.

அந்தச் சுனாமியில் நமது கரை நாகப்பட்டினத்தைப்போல் அழியாததற்குப் பாறைகளே காரணம் என்பாரும் உளர். இலங்கை குறுக்கே நின்று அலையை மறித்ததே பெருங்காரணம். பாறைக்கு முழுப் புகழையும் கொடுப்பது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது.

இனி, அளவுகளைக் காண்போம். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் நீருள் மூழ்கி, பாறைமேல் அளவு நாடாவை விரித்து, அதன் கீழ் உயிருள்ள பவளம் எவ்வளவு நீளம் உள்ளதென்று குறித்து வருகின்றனர். 2005-ல் நூற்றுக்கு 37 பங்காயிருந்த உயிர்ப் பவளம் 2009-ல் ஏறக்குறைய 43 பங்காயிற்று. 2010 கோடையில் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடேறவே, பவளம் வெளுத்துப் பலவிடங்களில் மடிந்து, அளவு 33 பங்காகக் குறைந்தது. பின்னர் மெல்லத் தேறி 39 பங்கு வரை வந்தது. 2016-ல் மறுபடியும் சூடு தாக்க, 23 பங்குக்கு வீழ்ந்தது.

இதைக் கண்டு தடை தோற்றதென்று கூறுவது சரியன்று. வறட்சியில் கருகிய பயிரைக் காட்டி எருவைக் குறை சொல்லுவாருண்டோ? வெட்டும் கடப்பாரையைத் தடுக்கத் தடையால் முடியும். சூட்டைத் தடுக்க முடியாது. 2010-க்குப் பின் பாறை தானே தேறியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெட்டிப் பெயர்த்த இடத்தில் தளிர்க்க வித்தே இராது. இக்கணக்கிலும் ஒரு குறை உண்டு: தடையில்லாத பாறை ஒன்றை ஒப்பிட்டு அளக்கவில்லை.

அத்தகைய ஒப்பீடு உள்ள சோதனைகளை மட்டும் தேர்ந்து, உலகமெங்கிலுமிருந்து 186 ஆராய்ச்சிகளைத் திரட்டி, 2024 ஏப்ரலில் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவற்றில் அடங்கிய 665 பரிசோதனைகளில் மூன்றில் இரண்டு பங்கு, ஒன்றும் செய்யாதிருப்பதைவிட நற்பலன் தந்தன. உயிரினங்களின் நிலை சீர்ப்பட்டது, அல்லது சீர்குலைவின் வேகமாவது தணிந்தது. மற்றவை பலிக்கவில்லை. அவற்றையும் மறைக்காமல் கணக்கில் சேர்த்ததே அக்கட்டுரைக்கு மதிப்பளிக்கிறது.

இழந்ததை மீட்க முடியுமா என்பதற்கு, தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு உதாரணம். 1986-ல் சுமார் 40 ஏக்கராயிருந்த அத்தீவு 2014-ல் 5 ஏக்கர் அளவாகச் சுருங்கிவிட்டது. 2015 முடிவிலிருந்து, துவாரங்களுள்ள செயற்கைப் பாறைகளைப் பதினாயிரத்துக்குமேல் தீவின் முன்னே கடலடியில் இறக்கினர். அலை அவற்றில் மோதித் தணிய, மணல் தங்கலாயிற்று. அவற்றின்மேல் இளம் பவளமும் பற்றியது. பலன் உண்டு, செலவு கோடிக்கணக்கு. வெட்டாமலிருந்தால் இச்செலவு ஏது?

நம் ஜில்லாவுக்கு இன்னொரு தொல்லை, பயிரிட வந்த பாசியால் ஏற்பட்டது. கப்பாபைகஸ் என்னும் கடற்பாசி, உணவுத் தொழிலுக்குரிய காரஜீனன் என்ற கூழ்ப்பொருளைத் தருவது. மண்டபத்தில் பரீட்சிக்கப்பட்டு, பாக் ஜலசந்திக் கரையில் மூங்கில் தெப்பங்களில் சாகுபடியாகிப் பல குடும்பங்களுக்கு வருமானம் தந்தது. ஆனால் பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் பவளத்தில் அது பரவிப் போர்த்திருப்பதை 2008-ல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். கையால் பிடுங்கியும் மீண்டும் தழைத்தது. கிழங்கை விட்டுவிட்டுக் கோரையைப் பிடுங்கியவருக்கு இதன் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஹவாய்த் தீவுகளிலுள்ள கனியோஹே வளைகுடாவிலும் இதே இனப் பாசியால் இத்தொல்லை உண்டு. அங்கே சில பாறைகளில் பாசியைக் களைந்து, எஞ்சியதை மேய்வதற்குக் கடல் முள்ளெலிகளை விட்டனர். வேறு சில பாறைகளை ஒன்றும் செய்யாது வைத்து ஒப்பிட்டனர். களைந்து மேயவிட்ட பாறைகளில் பாசி வெகுவாகக் குறைந்ததென 2018-ல் முடிவு வெளியாயிற்று. அம்முறை நமது கடலுக்கும் பொருந்துமா என்பதை இங்கேயே பரீட்சித்துப் பார்க்கவேண்டும்.

அதுவரை, பாசி வளர்ப்போர் புயல் எச்சரிக்கை வந்தவுடன் தெப்பங்களைக் கரையேற்றிவிடுக. அறுந்து மிதக்கும் துண்டுகளைப் பொறுக்கி வெயிலில் நன்றாக உலர்த்துக, கடலில் எறியற்க. சிறு துண்டு ஒன்று பாறையிடுக்கில் தங்கினாலும் அது தழைக்கும்.