சுருள் எப்படித் திரும்பி வந்தது?

படம் எடுத்தவர் இறந்துவிட்டார், எடுத்த படம் மட்டும் பிறகு யார் கையிலோ கிடைத்தது. இப்படி ஒரு பாவனையோடு வரும் திகில் படங்களுக்கு ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ என்று பெயர். 2011இல் வந்த ‘அப்போலோ 18’ அந்த வகைதான். அருமையான கரு. நாசா அப்போலோ 18 என்ற நிலவுப் பயணத்தை நிஜமாகவே திட்டமிட்டு, 1970இல் கைவிட்டது. 1972 டிசம்பரில் அப்போலோ 17உடன் நிலவுப் பயணங்கள் நின்றுபோயின. ஆனால் 1974இல் ரகசியமாக இன்னொன்று கிளம்பியது, போன மூவரும் திரும்பவில்லை என்கிறது படம்.

பார்த்தவர்கள் பெரும்பாலும் சொல்லும் குறை, பூதம் சரியில்லை என்பது. நிலவுக் கற்களே சிலந்திபோல் கால் முளைத்து ஊர்கின்றன. இதற்கா பயப்படுவது என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கல்லென்று நினைத்தது நகர்வது நல்ல பயம்தான். மலையளவு பூதத்தைக் கொண்டுவந்திருந்தாலும் இந்தப் படம் தேறியிருக்காது. ஏனென்றால் பூதத்தை நம்புவதற்கு முன்பே நாம் படச்சுருளை நம்பியாக வேண்டும்.

பரணில் ஒரு பழைய டைரி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் நடுக்கடலில் கப்பலோடு மூழ்கிய அன்றைய தேதிவரை அதில் எழுதியிருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கும் முன், இது பரணுக்கு எப்படி வந்தது என்றுதானே கேட்போம்?

நிலவுக்கும் அதே கேள்வியைக் கொண்டுபோவோம். அப்போலோ வீரர்களிடம் இரண்டு வகைக் கேமராக்கள் இருந்தன. தொலைக்காட்சிக் கேமரா படத்தை வானொலி அலையாக உடனே பூமிக்கு அனுப்பிவிடும். பிலிம் கேமரா அப்படியல்ல. சுருளைக் கையோடு கொண்டுவந்து, ஆய்வகத்தில் கழுவினால்தான் படம். எடையைக் குறைக்க ஹாசல்பிளாட் என்ற பிலிம் கேமராக்களை நிலவிலேயே போட்டுவிட்டு, பிலிமை மட்டும் பத்திரமாக எடுத்துவந்தார்கள் என்றால் அதன் அருமை புரியும். 16 மி.மீ. கேமராவில் ஒரு சுருள், முழு வேகத்தில் ஓடினால் நான்கு நிமிடம்கூட வராது.

‘அப்போலோ 18’ காட்டுவதோ பெரும்பாலும் கீறலும் புள்ளியுமாக, பிலிம் போன்ற படம். அதுவும் மணிக்கணக்கில் எடுத்ததிலிருந்து தொகுத்ததாம். மூவரும் மாண்டபின் அத்தனை சுருளையும் யார் சுமந்து வந்தார்கள்? படத்தில் பதில் இல்லை. கேள்வி மனதில் உறுத்தத் தொடங்கியதும் கல் ஊர்ந்தாலும் ஓடினாலும் நமக்கு ஒன்றுதான்.

2008இல் வந்த ‘குளோவர்ஃபீல்ட்’ இதில் எவ்வளவு கவனமாக இருந்தது! கேமரா நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. பழைய டேப்பின் மேல் பதிந்த படம் என்பதால், பதிவு நிற்கும் இடங்களில் காதலர் இருவரின் பழைய உல்லாசப் பயணம் எட்டிப்பார்க்கிறது. டேப்பின் இயல்பே கதையாகிவிட்டது. அங்கே பூதம் முழுசாகத் தெரியும் நேரம் மிகக் கொஞ்சம். அது குறையாகவே படவில்லை.

‘அப்போலோ 18’க்கும் வழி இருந்தது, அதுவும் நிஜ வரலாற்றிலேயே. அப்போலோ 17 ஓடம் நிலவைவிட்டு எழும்பியதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. படம்பிடிக்க அங்கே ஆள் இல்லை. நிலவில் விட்டுவந்த வண்டியின் கேமராவை பூமியில், ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்து எட் ஃபெண்டெல் என்பவர் இயக்கினார். கட்டளை போய்ச் சேரத் தாமதமாகும் என்று, ஓடம் எழும்பும் முன்பே கேமராவை உயர்த்தத் தொடங்கினார். அப்படி ஓர் ஆளைக் கதைக்குள் வைத்திருந்தால், மூவரும் திரும்பாமலேயே படம் ஹூஸ்டன் வந்து சேர்ந்திருக்கும்.