நூற்றிருபது தோப்புக்கரணம்

சொந்த அணியின் ஆட்டக்காரர் அவுட்டானதும் எழுந்து நின்று விசிலடிக்கும் ஊர் சென்னையைத் தவிர வேறெங்கும் இருக்காது. 2025 மார்ச் 23, சேப்பாக்கம். மும்பைக்கு எதிரான ஐ.பி.எல். ஆட்டத்தில் சென்னையின் வெற்றிக்குச் சில ரன்களே பாக்கி. ஜடேஜா ரன் அவுட். வருத்தப்பட வேண்டிய நேரத்தில் மைதானமே திருவிழாவாகிவிட்டது. காரணம், அடுத்து இறங்கியவர் மகேந்திர சிங் தோனி. வந்தார், இரண்டு பந்து ஆடினார், ரன் பூஜ்ஜியம். எதிர்முனையில் இருந்த ரச்சின் ரவீந்திரா ஒரு சிக்ஸரில் ஆட்டத்தை முடித்துவிட்டார்.

அந்த ஆட்டத்துக்கு வேன் பிடித்துப் போன எங்கள் சதுரங்கப்பட்டினத்துப் பையன்கள், ஈ.சி.ஆர். வழியாக நள்ளிரவுக்கு மேல் ஊர் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருவனைப் பிடித்து, “எவ்வளவு நேரம்டா தலையைப் பார்த்தீங்க?” என்று கேட்டேன்.

“ரெண்டு பால்ண்ணா. ஆனா போதும்ண்ணா.”

“ரெண்டு இல்லடா, நூத்தி இருபத்திரெண்டு.”

அவனுக்குப் புரியவில்லை. புரியாதது அவன் தப்பில்லை. ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருக்கும் மனிதரை நாம் யாரும் பார்ப்பதே இல்லை. மும்பை ஆடிய இருபது ஓவரிலும் ஒவ்வொரு பந்துக்கும் அவர் குந்தி எழுந்தார். வைடு, நோபால் எல்லாம் கணக்கில் சேராத உபரி. பிள்ளையார் முன்னால் பன்னிரண்டு தோப்புக்கரணம் போட்டுவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நாம், நாற்பத்து மூன்று வயதில் ஒருவர் நூற்றிருபது போடுவதை விட்டுவிட்டு அவர் மட்டையைத் தூக்குவாரா என்று காத்திருக்கிறோம். இது இருபது ஓவர் ஆட்டத்தின் கணக்கு. டெஸ்ட் என்றால் ஒரு நாளைக்குத் தொண்ணூறு ஓவர், அதாவது ஐந்நூற்று நாற்பது முறை. தோனி அப்படித் தொண்ணூறு டெஸ்ட் ஆடியிருக்கிறார். 2013 பிப்ரவரியில் இதே சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியா 380 ரன் எடுத்து முடிக்கும் வரை குந்திவிட்டு, பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு வந்து 224 அடித்தார். 224-ஐ எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவின் பேஸ்பாலிலும் இதே வேலைக்கு ஓர் ஆள் உண்டு. கேட்ச்சர் என்பார்கள். முகத்துக்குக் கம்பி வலை, நெஞ்சுக்குக் கவசம், காலுக்குத் தகடு என்று போருக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். நியூயார்க் யாங்கீஸ் அணியின் யோகி பெர்ரா 1962-ல், தம் முப்பத்தேழாவது வயதில், டெட்ராய்டில் நடந்த ஓர் ஆட்டத்தில் இருபத்திரண்டு இன்னிங்ஸும் குந்தியிருந்தார். வழக்கமாக ஒன்பதோடு முடியும் ஆட்டம் அன்று ஏழு மணி நேரம் போனது. எங்கள் ஊர் டச்சுக் கோட்டை வாசலில் காவல் நின்றவனுக்குக்கூட அதற்குள் ஆள் மாற்றியிருப்பார்கள்.

நம் கீப்பருக்குக் கவசமும் குறைவு. சுழல் பந்துக்கு ஸ்டம்பை ஒட்டி நிற்கும்போது பந்து மட்டையில் உரசி எங்கே திரும்பும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. 2000-ல் டாக்காவில் கும்ப்ளேயின் பந்து கண்ணில் பட்டு சபா கரீமின் ஆட்ட வாழ்க்கையே ஏறக்குறைய முடிந்தது. 2012-ல் இங்கிலாந்தின் டான்டன் நகரில் பந்தல்ல, பெயில்ஸ் தெறித்து மார்க் பவுச்சரின் கண்ணைப் பதம் பார்த்தது. அவர் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. விரல் பிசகுவதெல்லாம் இவர்கள் கணக்கில் காயமே கிடையாது.

தோனியின் கீப்பிங் பாடப்புத்தகத்தில் இருக்காது. பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்து வேகத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லித்தான் பயிற்சியாளர்கள் கற்றுக்கொடுப்பார்கள். இவர் கை பின்னால் போவதே இல்லை. பந்து வந்த கணத்தில் கிளவுஸ் ஸ்டம்பில் இருக்கும். ராஞ்சியில் பள்ளி நாட்களில் கால்பந்து கோல்கீப்பராக இருந்தவரைத்தான் பயிற்சியாளர் கேசவ் பானர்ஜி இந்தப் பக்கம் இழுத்துவந்தார் என்பது தெரிந்த கதை. ஆனால் அந்தக் கை கால்பந்தில் வந்ததா, பிறவியிலேயே வந்ததா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். சர்வதேச ஆட்டங்களில் 195 ஸ்டம்பிங் செய்திருக்கிறார், உலகத்தில் வேறு யாரும் அவ்வளவு செய்ததில்லை. மும்பை ஆட்டத்திலும் நூர் அகமது பந்தில் சூர்யகுமார் யாதவ் காலை ஓர் அடி முன்னால் வைத்தார், திரும்பிப் பார்ப்பதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. நடுவே கடந்தது ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு என்றார்கள். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன், ரீப்ளேயில்தான் பார்த்தேன்.

2023 ஐ.பி.எல். முழுவதையும் இடது முழங்கால் வலியோடு ஆடினார். சேப்பாக்கத்தில் கடைசி லீக் ஆட்டம் முடிந்து ரசிகர்களுக்கு நன்றி சொல்ல மைதானத்தைச் சுற்றி வந்தபோது முட்டியில் கட்டு. அகமதாபாத் இறுதி ஆட்டத்தை மழை ஒரு நாள் தள்ளிப்போட்டது. மறுநாளும் மழை குறுக்கிட, சென்னை வெற்றி பெற்றபோது மே 30 பிறந்துவிட்டது. அன்று தோனி எடுத்த ரன் பூஜ்ஜியம், சந்தித்தது ஒரே பந்து. ஆனால் அதற்கு முன்பே ஜடேஜா பந்தில் சுப்மன் கில்லை ஸ்டம்பிங் செய்து வேலையை முடித்திருந்தார். அந்த வாரமே மும்பையில் முழங்கால் அறுவை சிகிச்சை. எங்கள் வீட்டில் முட்டி வலி என்று சொல்லி நான் ரேஷன் கடை வரிசையிலிருந்து தப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பிறகு அந்தச் சாக்கு செல்லவில்லை. “அவருக்கும்தானே முட்டி வலி” என்றாள் மனைவி.

பெங்களூரு, 2016. டி20 உலகக் கோப்பையில் வங்கதேசத்துக்குக் கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். தோனி வலது கை கிளவுஸை முன்கூட்டியே கழற்றிவிட்டுக் காத்திருந்தார். ஹர்திக் பாண்டியாவின் பந்து மட்டையில் படவில்லை. எறிந்தால் தவறலாம் என்று பந்தோடு ஸ்டம்பை நோக்கி ஓடினார். எதிர்முனையிலிருந்து ஓடிய முஸ்தாபிசுர் வந்து சேர்வதற்குள் பெயில்ஸ் பறந்தது. இந்தியாவுக்கு ஒரு ரன்னில் வெற்றி. அந்த ஓட்டத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு வாங்குகிறது. அவருக்கு வாங்கியதாகத் தெரியவில்லை.

நான் கண்மூடி ரசிகன் அல்ல. 2025-ல் சென்னை கடைசி இடத்தில் போய் நின்றது. பெங்களூருவுக்கு எதிரான தோல்வியில் தோனி ஒன்பதாவதாக இறங்கியது எனக்கும் கோபம்தான். பத்து ஓவர் நின்று ஆட முழங்கால் இடம் கொடுக்காது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங் விளக்கினார். பத்து ஓவர் நிற்க முடியாது, இருபது ஓவர் குந்தி எழ முடியும்! இதில் உள்ள மருத்துவம் எனக்கு விளங்கவில்லை. கல்பாக்கத்தில் அணுவைப் பிளக்கிற விஞ்ஞானிகள் இவ்வளவு பேர் பக்கத்திலேயே இருக்கிறார்கள், யாராவது விளக்கலாம்.

எங்கள் கடற்கரை ஆட்டத்தில் ஒரு காலத்தில் கீப்பர் என்றால் பந்து போடவும் தெரியாத, ஓடவும் தெரியாத பையன். பின்னால் படகுகள், அதற்குப் பின்னால் அலை. பந்து தண்ணீரில் விழுந்தால் போய் எடுத்து வருவதும் அவன் வேலைதான். இப்போது அந்த இடத்துக்கு அடிதடி. கிளவுஸ் வாங்க யாரிடமும் காசில்லை. இருந்தாலும் கடைசி ஓவர், கடைசிப் பந்து என்றதும் அந்தக் கீப்பர் பொடியன் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி, இல்லாத கிளவுஸை வலது கையிலிருந்து உருவி இடுப்பில் செருகிக்கொள்கிறான்.