முனியறைகளும் மலையணில்களும்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறுக்குச் செல்லும் மலைச்சாலை, சின்னாறு வனவிலங்குக் காப்பகத்தை ஊடறுத்துச் செல்கிறது. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியாதலால் முட்புதர்க் காடுகளே இங்கு மிகுதி. யானை, புள்ளிமான் ஆகியவற்றோடு, ஆற்றோர மரங்களில் அரிய சாம்பல்நிற மலையணிலும் வாழ்கிறது.

காட்டைக் கடந்தால் மறையூர். அங்குள்ள பாறைக்குன்றுகளில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. பலகைக்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு அமைக்கப்பட்ட இவை, இறந்தோர் நினைவுச் சின்னங்களாகும். முனிவர்கள் வாழ்ந்த இடமெனக் கருதும் மக்கள், இவற்றை ‘முனியறை’ என்பர்.

சாந்து ஏதுமின்றி நிற்பதால், மேலே ஏறுவோரின் எடையாலும் கற்கள் சரியக்கூடும். மலையணிலுக்கோ கிளைகள் பின்னிய மரங்களே பாதை. அவை வெட்டுண்டால் அது தரையிறங்கிச் சாலையைக் கடக்க நேரும். ஆதலால், வண்டியின் வேகத்தைக் குறைப்பதும் கல்லைத் தொடாது காண்பதும் பயணியின் கடமைகளாகும்.