எலும்புத்தூளும் நரியின் மூக்கும்

லண்டன் வீட்டுத் தோட்டங்களுக்கு இரவில் செந்நரிகள் வருவது சர்வசாதாரணம். விடிந்து பார்த்தால் காய்கறிப் பாத்தி குழி குழியாகக் கிடக்கும். நரி தேடுவது காயை அல்ல, மண்ணுக்குள் இருக்கும் மண்புழுவையும் வண்டுப் புழுவையும். இன்னொரு காரணம், தோட்டக்காரரே போட்ட உரம். எலும்புத்தூள், இரத்தத்தூள், மீன்தூள் வாடை மூக்கில் ஏறினால், யாரோ இறைச்சியைப் புதைத்திருப்பதாக நினைத்துத் தோண்டத் தொடங்கிவிடும். தந்திரக்கார நரி என்கிறோம். இங்கே ஏமாறுவது அதுதான்! தாவர உரத்துக்கு மாறுவது நல்லது. விதைத்ததும், கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பிவலையைப் பாத்திமேல் விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் அழுத்திவிடலாம். வலைக்கண் வழியே நாற்று மேலே வந்துவிடும். விஷம் மட்டும் வைக்கக்கூடாது. பிரிட்டனில் அது சட்டப்படி குற்றம்.