முழங்காற் பிணைநாரும் உயிரணு நுண்பைகளும்

மக்கள் யாக்கையின் மூட்டுக்களுள் பெருஞ்சுமை தாங்குவது முழங்கால். ஆண்டுத் தொடையென்பையும் கணைக்காலென்பையும் பிணிக்கும் நார்களுள் ஒன்று முன்குறுக்குப் பிணைநார். கணைக்காலென்பு முன்னோக்கி வழுவாது காப்பது அதுவே. பந்தாடுவோர் விரைந்தோடித் திடீரெனத் திரும்புங்கால் அஃது அறுதல் உண்டு. மூட்டு நீரினிடையே குருதிக்கட்டி நிலைபெறாமையின், அறுந்த நார் பெரும்பாலும் தானே கூடுவதில்லை.

ஆகலின் அறுவை மருத்துவர், நோயாளியின் பின்தொடையினின்றேனும் முழங்காற் சிப்பியின் கீழிருந்தேனும் ஒரு தசைநாணை எடுத்து, இரண்டென்புகளிலும் துளையிட்டு, அதனை உள்நுழைத்து இறுக்குவர். இறுக்குதல் எளிது, ஒட்டுதலே அரிது. இயற்கை நார் என்பொடு சேருமிடத்தில், நார், நார்க்குருத்து, சுண்ணமேறிய நார்க்குருத்து, என்பு என நான்கு படிகள் உள. மென்மை சிறிது சிறிதாக வன்மையாய் மாறுதலின், இழுவிசை ஓரிடத்தே குவிவதில்லை. புதிதாக இட்ட நாணோ வடுவிழையத்தாலேயே என்பைப் பற்றுகின்றது. மேலும், முதற்கண் அதனுள்ளிருக்கும் உயிரணுக்கள் மடியும்; பின்னரே புதுக் குருதிக்குழாய்கள் புகும். இக்காரணங்களால் ஆட்டக்களம் மீள்வோர் ஒன்பது திங்களேனும் பொறுத்தல் வேண்டுமென்பர்.

இக்குறையை நீக்க உயிரணு நுண்பைகள் உதவுமோ என இந்நாள் அறிஞர் ஆராய்கின்றனர். உயிரணுக்கள் தம்மினின்று வெளிவிடும் மிகச் சிறு பைகளே இவை. இவற்றுள் எக்சோசோம் எனப்படுவன ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவின. 1983-இல் கனடா நாட்டு ரோஸ் ஜான்ஸ்டன் அம்மையாரும் அவர்தம் துணைவரும் செம்மறியாட்டின் முதிராச் செங்குருதியணுக்களை ஆராயுங்கால் இவற்றைக் கண்டனர். கழிவகற்றும் வாயில் என்றே முதலிற் கருதப்பட்டன. 2007-இல், ஓர் உயிரணுவின் ஆர்.என்.ஏ. இப்பைகளின் வழியே மற்றோர் உயிரணுவுக்குச் செல்லும் என்பது காட்டப்பட்டது. கழிவென்று எண்ணியது தூதாயிற்று!

மூல உயிரணுக்கள் விடும் நுண்பைகள், அழற்சியை வளர்க்கும் விழுங்கணுக்களைச் சீர்செய்யும் நிலைக்குத் திருப்புகின்றன. எலி முதலிய விலங்குகளில் செய்த சோதனைகளில், ஒட்டுமிடத்தில் நார்க்குருத்து மிகுந்ததும், நாணைப் பிடுங்க வேண்டும் விசை கூடியதும் காணப்பட்டன. உயிரணுவையே செலுத்தாது அதன் தூதை மட்டும் செலுத்துதலின், அவ்வுயிரணு உடலுட் பெருகுமென்னும் அச்சமும் இல்லை.

எனினும் விலங்கிற் கண்டது மக்கட்கும் ஆம் எனத் துணிதல் தகாது. நுண்பைகளைத் தூய்மையாகப் பிரித்தலும், அளவு வரையறுத்தலும், ஒவ்வொரு முறையும் ஒரே தன்மையின ஆக்குதலும் முற்றுப்பெறாத பணிகள். ஒப்புதல் பெறாத எக்சோசோம் சரக்குகளால் நெப்ராஸ்கா மாநிலத்தில் சிலர் பெருங்கேடுற்றமையின், அமெரிக்க உணவு மருந்து ஆட்சியகம் 2019 டிசம்பரில் மக்களை எச்சரித்தது. நோயுற்றார்தம் ஆவலை வாணிகமாக்குவோர் எந்நாட்டினும் உளர். எனவே புதுமையை வரவேற்கும் நாம், அதற்குச் சான்று வேண்டும் துணிவையும் உடன்கொள்வோமாக. பொறுமையோடு கூடிய ஆராய்ச்சியே நொண்டுவோரை நடக்கச் செய்யும் மெய்யான அருட்பணி.