வந்த தண்ணீர் வடிய வேண்டாமா?

ஜூன் 12-ஐ ஒட்டி நாளிதழ்களில் ஒரு படம் வரும். மேட்டூர் மதகு திறக்கப்பட்டிருக்கும். பாய்ந்து வரும் தண்ணீரில் அமைச்சர்கள் பூத்தூவிக்கொண்டிருப்பார்கள். அடுத்த சில நாளில் கல்லணையிலும் அதே பூ, அதே கூட்டம். அணையில் தண்ணீர் இல்லாத ஆண்டென்றால் படம் வராது, அறிக்கைப் போர் வரும். அதன்பின் நான்கு மாதத்துக்கு நமக்குத் தெரிந்த டெல்டாச் செய்தி இரண்டுதான்: 120 அடியில் இன்று எத்தனை அடி, கர்நாடகம் விட்டது எத்தனை டி.எம்.சி. நவம்பரில் திடீரென்று வேறு படம். இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு அழுகிய சம்பா நாற்றைத் தூக்கிக் காட்டும் ஒரு விவசாயி.

தண்ணீர் வரத்துக்காக நாம் எண்ணற்ற மேடை போட்டிருக்கிறோம். 1990-இல் காவிரி நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது, அதே ஆண்டில் மேலாண்மை ஆணையம். எல்லாம் தேவைதான். ஆனால் வரும் தண்ணீருக்கு இவ்வளவு வாதாடிய நாம், அது வடியும் வழியைப் பற்றி எங்கே பேசியிருக்கிறோம்?

கொஞ்சம் நிலவியல் பார்த்துவிடலாம். குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் தஞ்சைச் சமவெளியில் வெயில்தான். இங்கே மழை கொட்டுவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். ஆக, காவிரிப் படுகைக்கு இரண்டு மழை. ஒன்று ஆறு கொண்டுவரும் வெளியூர் மழை, இன்னொன்று சொந்த மழை. முதல் மழையை நம்பிக் குறுவை. அதன் கடைசித் தண்ணீரில் வேர்பிடித்து இரண்டாவது மழையில் வளர்வது சம்பாவும் தாளடியும். வேறெந்த ஆற்றுக்கும் எளிதில் வாய்க்காத கொடுப்பினை இது. ஆனால் குறுவை நெல்லைத் தென்மேற்கு மழை ஏமாற்றினால் வறட்சி, சம்பாவை வடகிழக்கு மழை மிஞ்சினால் வெள்ளம் என்று இரண்டு ஆபத்தும் அதே கணக்கில் வந்து சேர்கின்றன.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். இடையில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. கடலுக்குப் போக அதுவே நேரான வழி. ஆற்றை அதன் போக்கில் விட்டிருந்தால் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் சரிந்திருக்கும். தெற்கே இருக்கும் காவிரி மண்ணடித்து மேடாகிப் போயிருக்கும். தீவின் கிழக்கு முனையில் உள்ளாறு என்ற இணைப்பு வழியாகக் காவிரி கொள்ளிடத்துக்குள் விழாமல் மறித்துக் கட்டியதுதான் கல்லணை. கரிகாலன் பெயரோடு நிற்கும் அந்த அணையின் கீழ் இருப்பது பாறை அல்ல, மணல். அசையும் மணலில் கல்லை இறக்கி அடித்தளம் போடும் வித்தையை இங்கேதான் கற்றேன் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லணைக்கு மேலேயே கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டது. தஞ்சாவூர்ப் பாசனம் வருடா வருடம் சுருங்கியது, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலவரியும் சேர்ந்து சுருங்கியது. அதனால்தான் 1836-இல் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். விளைவு விசித்திரமானது: இப்போது காவிரிக்கு அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் வந்தது. அணையின் ஒரு பகுதியைத் தணிக்கவும், காவிரித் தலைப்பில் குறுக்கே ஒரு தடுப்புப் போடவும் வேண்டியதாயிற்று. டெல்டாவில் ஒரு பக்கம் தொட்டால் மறுபக்கம் அசையும் என்ற பாடத்தை ஆங்கிலேயப் பொறியாளர்கள் சில ஆண்டிலேயே படித்துவிட்டார்கள்.

கல்லணைக்குக் கிழக்கே ஆறு விசிறியாக விரிகிறது. காவிரி, வெண்ணாறு, 1934-இல் மேட்டூரோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய். காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன். வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, பாமணியாறு, கோரையாறு. ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால், அதிலிருந்து கிளை. அலுவலகப் பேச்சில் இவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று வகுப்புப் பிரிவு உண்டு. பெரியவற்றைப் பார்ப்பது நீர்வளத்துறை. வயலை ஒட்டிய சி, டி வாய்க்கால்கள் அவ்வப்போது வேளாண் பொறியியல் துறையின் கண்ணிலும், பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமலும் இருப்பவை. இத்தனையும் கொடுத்துக் கொடுத்து மெலிந்துபோய்ப் பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரியைப் பார்த்தால், மேட்டூரில் கண்ட ஆறு இதுதான் என்று வெளியூர்க்காரர் நம்ப மாட்டார்.

இந்த வலைப்பின்னலில் பலர் கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. மேல்மடை வயலின் வடிகால்தான் பல இடத்தில் கீழ்மடை வயலின் பாசன வாய்க்கால். ஜூலையில் தண்ணீர் கொண்டுவரும் அதே ஆறு நவம்பரில் தண்ணீரைக் கொண்டுபோகவும் வேண்டும். கும்பகோணம் பக்கம் வாட்டம் இருப்பதால் தண்ணீர் தானாக ஓடிவிடும். திருவாரூர் தாண்டினால் நிலம் தட்டையாகிவிடுகிறது. நாகை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பகுதிகளில் வயலுக்கும் கடல் மட்டத்துக்கும் உயர வித்தியாசம் சொற்பம். அங்கே ஆற்றைத் தள்ளுவதற்குப் பின்னாலிருந்து வரும் வெள்ளம் மட்டுமே உண்டு. முன்னாலிருந்து எதிர்த்துத் தள்ளக் கடலின் ஏற்றம் உண்டு. புயல் காலத்தில் மழையும் அலையும் ஒரே நாளில் வருவதால், வடிய வேண்டிய நேரம் பார்த்துக் கதவு மூடிக்கொள்கிறது.

கடற்கரையின் அமைப்பும் கைகொடுப்பதில்லை. சோழமண்டலக் கரை நேர்கோடாக ஓடும் மணல் கரை. கரையோர நீரோட்டம் மணலை இழுத்துவந்து முகத்துவாரங்களில் குவிக்கிறது. ஆற்றில் வேகம் இருந்தால் அந்த மணல்திட்டு உடையும். வேகமில்லாத மாதங்களில் வாய் அடைத்துக்கொள்ளும். வேதாரண்யத்தில் பழைய கடற்கரைகள் வரிசை வரிசையாக மணல்மேடுகளாக நிற்கின்றன. மாவும் மல்லிகையும் புகையிலையும் தென்னையும் அந்த மேடுகளில்தான் செழிக்கின்றன. ஆனால் மேட்டுக்கு மேற்கே இறங்கிய தண்ணீர் கடலைப் பார்க்கச் சுற்றிப்போக வேண்டும். உப்புப் படகுகளுக்காக வெட்டிய வேதாரண்யம் கால்வாய் இன்று அரிச்சந்திரா நதி, அடப்பாறு போன்றவற்றின் வெள்ளத்தையும் சுமக்கிறது. 2016-இல் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வெண்ணாற்று உபவடிநிலத்தைச் சீரமைக்கத் திட்டம் வந்தபோது அந்தக் கால்வாயும் அதில் சேர்ந்தது. வடிகாலுக்கென்று பெரிய பணம் ஒதுக்கிய அபூர்வமான முயற்சி அது.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை. அந்த அளவுக்கு எந்த வாய்க்காலும் ஈடு கொடுக்காது என்பது நியாயமான வாதம். ஆனால் மழை நின்ற பிறகு எத்தனை நாளில் வடிகிறது என்பதுதான் பயிரின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சி.ஆர். 1009 சப்-1 போன்ற வெள்ளம் தாங்கும் ரகங்கள் இளம்பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டுவிடும். மற்ற ரகங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மூன்று நாளில் வடிந்தால் உரச்செலவு. பத்து நாள் நின்றால் மறுநடவு, அல்லது நிவாரணப் பட்டியல்.

வடிகாலின் பொருளாதாரம் சம்பாவோடு முடிவதில்லை. குறுவை அறுவடை வடகிழக்கு மழையின் வாசலில் நடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டை நிற்கும். தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போவது பருவச் சடங்காகிவிட்டது. தை மாதம் சம்பா அறுவடைக்குப் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நின்ற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளிப்பார்கள். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. பனியிலும் மிச்ச ஈரத்திலும் வரும் அந்த வரும்படிதான் பல வீட்டில் கடனை அடைக்கும் காசு. வயலில் நீர் தேங்கினால் மெழுகுப் பதம் ஏது? 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை சாய்ந்த நெல்லையும் முளைவிட்ட உளுந்தையும் ஒருசேரக் கொண்டுபோனது.

தாழ்வான நிலம் யாருக்கு என்ற கேள்வியும் இதற்குள் இருக்கிறது. டெல்டாவின் மேட்டுத் தெருக்களில் யார் வீடு கட்டினார்கள், வாய்க்கால் கரையிலும் பள்ளத்திலும் யார் குடிசை போட்டார்கள் என்பது வரைபடத்தில் இல்லாத நிலவியல். மிராசுகளின் பிடியைத் தளர்த்த 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலிக்கான போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். உலகத்தின் மிக வளமான மண்களில் ஒன்று தன் உழைப்பாளிக்கு அரைப்படி நெல்லைக் கூட்டித் தர மறுத்த வரலாறு இது. இன்றும் வெள்ளம் வந்தால் முதலில் பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கப்படுபவர்கள் யார் என்று பாருங்கள்.

1990-களில் கரையோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. உப்புநீர்க் குளங்களும் அவற்றின் கரைகளும் வடிகால் வாய்களில் குறுக்கே அமர்ந்தன. அக்கம்பக்க வயலும் கிணறும் உப்பேறின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. 2005-இல் தனிச் சட்டம் வந்து அவற்றை வேறு வகையில் முறைப்படுத்தியது. 2020-இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஹைட்ரோகார்பன் போன்ற புதிய திட்டங்களுக்குத் தாழ்ப்பாள் போட்டதே, அது நெடுவாசல் தொடங்கி நடந்த போராட்டங்களின் பலன். நிலத்தடியைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. நிலத்தின் மேல் நீர் ஓடும் வழிக்கு அவ்வளவு வலுவான காவல் வரவில்லை.

2018-ஐ ஒரு மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் காவிரியில் வெள்ளம். கொள்ளிடத்தில் உபரி பாய, 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே வாரங்களில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல். நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறித் தென்னையைச் சாய்த்தது. அந்த ஆகஸ்டிலும் எல்லோரும் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது.

எனக்கு அந்த வாக்கியத்தில் பாதிதான் உடன்பாடு. கொள்ளிடத்தில் கதவணைகள் கட்டிச் சேமிப்பது சரி. ஆனால் முகத்துவாரத்தில் நன்னீர் அழுத்தம் குறைந்தால் மணல் வாயை அடைக்கும், கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். மணல் அள்ளிப் பள்ளமான கொள்ளிடத்தில் உப்பு பல கிலோமீட்டர் உள்ளே வந்து கரையோரக் கிராமங்களின் குடிநீரைக் கெடுத்திருக்கிறது. பாமணியாறும் கோரையாறும் முடியும் முத்துப்பேட்டைக் காயலில் அலையாத்திக் காடுகள் நிற்பதும், அங்கே இறாலும் நண்டும் மீனும் பெருகுவதும் இந்த "வீணாகும்" நன்னீரும் வண்டலும் சேர்வதால்தான். வண்டலின் பெரும்பகுதி 1934 முதல் மேட்டூரிலேயே படிந்துவிடுகிறது. அஸ்வான் அணைக்குப் பிறகு நைல் முகத்துவாரத்தைக் கடல் கரைத்துக்கொண்டிருப்பதை உலகம் பார்த்தாயிற்று.

கடைமடை ஆறுகளில் கடலேற்றத்தைத் தடுக்க இயக்கு அணைகள் இருக்கின்றன. ஷட்டரை இறக்கினால் உப்பு வராது, தூக்கினால் வெள்ளம் வடியும். எப்போது தூக்குவது, எப்போது இறக்குவது என்பதைப் பார்த்துச் செய்ய அந்த இடத்தில் ஒரு லஸ்கர் இருந்தாக வேண்டும். லஸ்கர் பணியிடங்களை நிரப்புங்கள் என்று விவசாயச் சங்கங்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. தூர்வாரும் பணியோ ஏப்ரல், மே மாதங்களில், தண்ணீர் வருவதற்கு முன்பாக, வரும் வழியை மையமாக வைத்து நடக்கிறது. செப்டம்பரில், மழைக்கு முன்பாக, வடிகால்களை மட்டும் குறிவைத்து இரண்டாவது சுற்று ஒன்று நடத்த ஆகும் செலவு, ஒரு நவம்பரின் நிவாரணத் தொகையை விடக் குறைவாகத்தான் இருக்க முடியும்.