கப்பலேறிப் போன கொள்ளுத்தாத்தாவை கம்ப்யூட்டரில் தேடலாம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள் சில நாட்களில் என்னிடம் கேட்கும் கேள்வி, "மெயில் பார்க்கிறேன், பாட்டு கேட்கிறேன், வேறு என்ன செய்யலாம்?" என்பதுதான். திருவண்ணாமலை பக்கத்துக்காரர்களுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. உங்கள் குடும்பத்தில் "பெரிய தாத்தாவின் தம்பி கப்பலேறிப் போனார், திரும்பவே இல்லை" என்று ஒரு பேச்சு இருக்கிறதா? இருந்தால் அவரைத் தேடிப் பாருங்கள்.

பெரிய கோயிலுக்கு அருகே நான் பிரவுசிங் சென்டர் நடத்திய காலத்தில் தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், ஃபிஜியிலிருந்து வந்தவர்கள் கிரிவலம் முடித்துவிட்டு என் கடைக்கு வருவார்கள். கையில் ஒரு தாள் இருக்கும். அதில் ஆங்கில எழுத்தில் ஒரு ஊர்ப் பெயர், யாரோ காதில் கேட்டதை எழுதியது போல. "இது எந்த ஊர்?" என்பார்கள். ஆவணம் அவர்களிடம் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்க்கத்தான் இந்தத் தேடல்.

முதலில் ஆண்டைச் சரிபாருங்கள். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை இதில் முடிந்துவிடும். மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகள் 1834 முதல் போனார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் "ட்ரூரோ" 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1866ல் நின்றுபோன அந்தப் பயணம் 1874ல்தான் மறுபடி தொடங்கியது. 1911ல் முடிந்தது. அதற்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஃபிஜிக்கு 1879 முதல் ஆள் அனுப்பினாலும், சென்னையிலிருந்து கப்பல் விட்டது 1903 முதல்தான். ஆக, "தாது வருஷப் பஞ்சத்தில் ஃபிஜி போனார்" என்று வீட்டில் சொன்னால், ஒன்று நாடு தவறு அல்லது காலம் தவறு. அந்தப் பஞ்சம் 1876-78ல் வந்தது. அப்போது போனவர் நேட்டாலுக்கோ மொரீஷியஸுக்கோ போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஒப்பந்தத்தில் போன ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம் அல்லது தழும்பு என்று எழுதிவைத்தார்கள். நம் ஊரில் அந்தக் காலத்து ஏழைக் குடியானவருக்கு இவ்வளவு விவரத்துடன் வேறு ஆவணம் கிடைப்பது அபூர்வம். பெண்களுக்கும் தனி எண், தனி வரி. எனவே கொள்ளுப்பாட்டியையும் தேடலாம்.

நேட்டால் பட்டியல்களை டர்பனில் உள்ள குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் பாதுகாக்கிறது. அவற்றை கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருக்கிறார்கள். இணைய முகவரி மாறக்கூடும் என்பதால், கூகுளில் இந்த மையத்தின் பெயருடன் "ஷிப்ஸ் லிஸ்ட்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடவும்.

இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். மாவட்டம் என்ற இடத்தில் திருவண்ணாமலை என்றோ, விவரம் தெரிந்தவர்கள் வடஆற்காடு என்றோ டைப் செய்கிறார்கள். எதுவும் கிடைக்காது. திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989ல். அதற்கு முன் வடஆற்காடு. ஆனால் 1911 வரை திருவண்ணாமலை தாலுகா இருந்தது தென்னாற்காடு மாவட்டத்தில்! நேட்டால் கப்பல்கள் ஓடிய காலம் முழுவதும் அப்படித்தான். எனவே திருவண்ணாமலை, வேட்டவலம் பக்கம் என்றால் தென்னாற்காடு என்று தேடவும். போளூர், ஆரணி, வந்தவாசி என்றால் வடஆற்காடு.

அடுத்தது ஸ்பெல்லிங். எழுதிய குமாஸ்தாவின் காதில் என்ன விழுந்ததோ அதுதான் பட்டியலில் இருக்கும். பழைய ஆங்கிலப் பதிவுகளில் திருவண்ணாமலையே டி.ஆர்.ஐ.என்.ஓ.எம்.ஏ.எல்.இ.இ. என்று "டிரினோமலி" ஆகியிருக்கிறது. வந்தவாசி "வாண்டிவாஷ்". ஆட்களின் பெயரும் இப்படித்தான். "உ" என்ற ஒலிக்கு யு போடலாம், இரண்டு ஓ போடலாம். பிரெஞ்சு வழக்கம் உள்ள இடங்களில் ஓ.யு. போடுவார்கள், முத்து அங்கே எம்.ஓ.யு.டி.ஓ.யு. ஆகிவிடுவார். சாமி என்பதில் நடுவே ஒரு டபிள்யூ நுழைந்து "சாவ்மி" போல இருக்கும். மொரீஷியஸில் ஆறுமுகம் "ஆர்மூகம்" ஆனார். நம் அருணாசலமோ அங்கே "அர்னாசெல்லம்"!

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பல தேடல் தளங்கள் நட்சத்திரக் குறியை ஏற்கும். சந்தேகமான எழுத்துகளுக்குப் பதில் இதை இடலாம். முனியன் என்றால் எம்*என் என்று கொடுங்கள். எம்மில் தொடங்கி என்னில் முடியும் எல்லாப் பெயரும் வரும். நீளமான பட்டியல் வந்தால் பயப்பட வேண்டாம். கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி எஃப் தட்டினால் சிறிய கட்டம் ஒன்று திறக்கும். அதில் தாலுகா பெயரின் முதல் நான்கு எழுத்துகளை டைப் செய்தால் பொருந்தும் இடங்கள் மட்டும் நிறம் மாறித் தெரியும்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடுவதில் பயன் குறைவு. இன்று தென்னாப்பிரிக்காவில் கோவெண்டர் (நம் கவுண்டர்), மூட்லி (முதலி), படையாச்சி என்றெல்லாம் குடும்பப் பெயர்கள் உண்டு. பட்டியலில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். ஒருவர் கிடைத்துவிட்டால் அவர் எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்து எண்களைப் பாருங்கள். குடும்பமாகப் போனவர்களுக்கு அடுத்தடுத்த எண் தருவது வழக்கம். மனைவி, பிள்ளை, சில சமயம் அதே கிராமத்துக்காரரும் அங்கேயே இருப்பார்கள்.

மொரீஷியஸ் பதிவுகள் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860களின் நடுவிலிருந்து போனவர்கள் பலருக்குப் புகைப்படமே உண்டு. விண்ணப்பித்துக் கேட்க வேண்டும். ஃபிஜியின் எமிகிரேஷன் பாஸ்கள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ரீயூனியன் தீவு என்றால் பிரெஞ்சு அரசின் கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகத் தளத்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக இலவசமாகப் பார்க்கலாம். கையெழுத்து பிரெஞ்சில் இருக்கும், பொறுமை வேண்டும். ஃபேமிலி சர்ச் என்ற தளமும் இலவசம்தான், பெயரைப் பதிந்துகொண்டால் போதும்.

மலேயா, இலங்கை போனவர்கள் கதை வேறு. கங்காணி மூலம் கூட்டமாகப் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு வரி கிடைப்பது கடினம். அங்கே இண்டர்நெட்டைவிட வீட்டுப் பரண்தான் உதவும். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களின் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, பழைய கடித உறைகள் எதையும் தூக்கி எறிய வேண்டாம். உறையில் உள்ள தபால் முத்திரை ஊரையும் ஆண்டையும் சொல்லிவிடும். 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, பெயரும் ஆண்டும் தெரியும்படி பைலுக்குப் பெயரிட்டு, பென் டிரைவில் ஒரு காப்பி வையுங்கள்.

இனி அந்தத் தாளில் உள்ள ஊர்ப் பெயர். கூகுள் மேப் தரும் முதல் பதிலை நம்பாதீர்கள். "காஞ்சி" என்று இருந்தால் அது காஞ்சிபுரம்தான் என்று முடிவு செய்துவிடுவார்கள். புதுப்பாளையம் பக்கத்தில் நமக்கு ஒரு காஞ்சி இருப்பது வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் மாவட்டக் கையேடுகள் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. தாலுகா வாரியாக எல்லா வருவாய் கிராமங்களும் அதில் இருக்கும். பெயரை உரக்கப் படித்துக்கொண்டே பட்டியலில் விரல் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒற்றுமை காதுக்குத் தெரியும். 1906ல் வந்த தென்னாற்காடு கெஜட்டியரும் இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உண்டு.

கிடைப்பதை எக்செல் அல்லது இலவச கால்க் புரோகிராமில் எழுதிவையுங்கள். எண், பெயர், கப்பல், ஊர் ஆகியவற்றோடு "எங்கே பார்த்தேன்" என்றும் ஒரு கட்டம் வேண்டும். சாதிக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் தள்ளியே வைத்துப் படியுங்கள். டிப்போவில் ஆள் எடுக்கும்போது சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, பெயரை மாற்றியவர்களும் உண்டு. பெயர், தந்தை பெயர், ஊர் மூன்றும் ஒத்துப்போகாமல் "இவர்தான் நம் தாத்தா" என்று வெளிநாட்டுக்கு மெயில் தட்டிவிடாதீர்கள். அங்கே மூன்று தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். விமான டிக்கெட்டே எடுத்துவிடுவார்கள். பணம் கட்டினால் வம்சாவளி தருகிறோம் என்று வரும் மெயில்களைத் திறக்காமலே அழித்துவிடவும். ஆதார், வங்கி விவரம் எதையும் இந்தத் தேடலுக்காக யாருக்கும் தர வேண்டியதில்லை.